கன்ட்ரோல் குழாய் ஒளிர்ந்த வியாழக்கிழமை

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் ஐந்தரை வருடம் இருந்தேன். முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்தவள். நான்கு வருடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் சேர்ந்த அன்று சொன்னார்கள். மீதி ஒன்றரை வருடம் எங்கே போனது என்று கேட்பவர்களிடம், "ரிசல்ட் சரியா வரல" என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் ரிசல்ட் முதலில் மிக நன்றாக வந்தது என்பதையும், அதைக் கெடுத்தது நான்தான் என்பதையும், அதற்கு முன்னால் அதை நன்றாக வரவைத்ததும் நான்தான் என்பதையும் சொல்வதில்லை.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய பேராசிரியை. எல்லோருக்கும் அவர் மேடம்தான். திருக்கழுக்குன்றத்தில் வீடு. காரைத் தானே ஓட்டிக்கொண்டு எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதன் மேல் வெள்ளைக் கோட்டு. அதிகம் பேசமாட்டார். திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் பின்னால் வந்து நின்று மணிக்கட்டை நேராக்குவார்.

முடக்குவாதம் வந்தவர்களின் ரத்தத்தில் மோனோசைட் என்ற ஒருவகை வெள்ளணு, ஆரோக்கியமானவர்களிடம் இல்லாத ஒரு புரதத்தைத் தன் மேற்பரப்பில் சுமக்கிறது என்பது மேடத்தின் ஊகம். அது உறுதியானால், மூட்டுகள் கோணிப்போவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்கலாம். அதை உறுதிப்படுத்துவதுதான் என் வேலை.

அதற்கான இயந்திரம் ஃப்ளோ சைட்டோமீட்டர். குளிரூட்டிய இருட்டு அறையில் ஒரு பெரிய ஃபிரிட்ஜைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். ரத்த அணுக்களை மெல்லிய நீர்க்கோட்டில் ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடும். நாம் தேடும் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்படி ஓர் ஆன்டிபாடியைத் தயாரித்து, அதன் முதுகில் ஒளிரும் சாயத்தை ஏற்றி அணுக்களோடு முன்கூட்டியே கலந்திருப்போம். புரதம் இருக்கும் அணு லேசரைத் தாண்டும்போது மின்னும். அத்தனை மின்னல்களையும் எண்ணி, இயந்திரம் திரையில் ஒரு மேடு வரையும். மேடு இடதுபக்கம் இருந்தால் ஒன்றுமில்லை. வலதுபக்கம் நகர்ந்தால் இருக்கிறது.

எவ்வளவு நகர்ந்தால் நகர்ந்ததாகக் கணக்கு? அதற்குத்தான் ஐசோடைப் கன்ட்ரோல். அதுவும் ஆன்டிபாடிதான், அதே வகை, அதே சாயம், அதே அளவு. ஒரே வித்தியாசம், மனித உடம்பில் இல்லாத எதையோ தேடுவதற்காக உண்டாக்கப்பட்டது. ஆகவே நம் அணுக்களில் அது பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படியும் கொஞ்சம் ஒட்டும். எந்த ஆன்டிபாடியும் தேடாத இடத்தில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அந்த வெறும் ஒட்டுதல் எவ்வளவு என்று கன்ட்ரோல் குழாய் காட்டும். அதன் விளிம்பில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு வலப்புறம் விழுவதை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் ரத்தத்துக்கும் இரண்டு குழாய். ஒன்றில் தேடும் ஆன்டிபாடி, இன்னொன்றில் கன்ட்ரோல். அதுதான் முறை.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டெக்னீசியன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். லேசரைச் சரிசெய்வதற்குப் பெங்களூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்காமல் அவரே பாதியைச் சரிசெய்துவிடுவார். ஆய்வுக்கு ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு ஆள் சேர்த்ததும் அவர்தான். வியாழக்கிழமை மூட்டு நோய்களுக்கான வெளிநோயாளிப் பிரிவு நடக்கும் நாள். அன்று காலை தன் குப்பத்திலிருந்து மூன்று நான்கு பேரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். ஒப்புதல் படிவத்தை நான் வாசித்துக் காட்டுவேன். "இன்னாத்துக்கு இவ்ளோ நீட்டா எய்தி வெச்சிகிறாங்க" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நோயாளிகளின் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்குகின்றனவா? இரண்டாம் வருடக் கடைசியில், அந்தக் கேள்வியை யாரோ ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது என் அம்மா நினைவுக்கு வந்தாள். அம்மா மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளை உதறி மடிப்பது அவள் பொறுப்பு. சில மாதங்களாகக் காலையில் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துத்தான் டீ குடித்தாள். பனி என்று அவளும் சொன்னாள், நாங்களும் விட்டுவிட்டோம். அடுத்த வியாழனே கூட்டி வந்தேன். முடக்குவாதம் என்று உறுதியானது. மாத்திரை தொடங்கினார்கள்.

"எல்லார் ரத்தத்தயும் எடுக்கற, என்னுத எடுக்க மாட்டியா?" என்று அவளே கேட்டாள். மேடத்திடம் கேட்டேன். மற்றவர்களுக்கு உள்ள நிபந்தனைகள் அவளுக்கும் பொருந்தினால் எடுக்கலாம், ஒப்புதலை நான் வாங்கக்கூடாது, வேறு யாராவது வாங்கட்டும் என்றார். அப்படியே செய்தோம். அம்மா ஓர் எண்ணாக மாறி என் பட்டியலில் சேர்ந்தாள். முதல் ரத்தம் எடுக்கும் முறை மூன்றாம் வருடத்தில்தான் வந்தது.

இனி நான் செய்த காரியம். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஐசோடைப் கன்ட்ரோல் குப்பி தீரும் நிலைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். கேட்டால் எட்டு வாரம், பத்து வாரம் என்பார்கள். குப்பியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு கண்ணீர்த் துளி அளவுக்கு இருந்தது. வேலையை நிறுத்த மனமில்லை. மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், கன்ட்ரோல் எப்பவும் ஒரே இடத்துலதான் உட்காருது. காலையில முதல் ஹெல்தி சாம்பிளுக்கு மட்டும் போட்டு கோடு வெச்சுக்கலாமா? அன்னிக்கு வர்ற பேஷன்ட்ஸுக்கும் அதே கோட்டையே எடுத்துக்கலாம்."

அவர் கன்ட்ரோல் மேடுகளின் பழைய படங்களை வாங்கிப் பார்த்தார். உண்மையிலேயே ஒரே இடத்தில்தான் இருந்தன. ஆனால் நான் கொண்டுபோன கற்றையில் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களின் படங்களே இருந்தன, மீதி நோய் கட்டுக்குள் இருந்த ஓரிருவருடையவை. நோயாளிகளை அப்போதுதான் அதிகம் சேர்க்கத் தொடங்கியிருந்தோம். நான் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு வந்தவற்றை எடுத்துப்போனேன்.

"சரி. புதுசு வந்தவுடனே பழையபடி எல்லாருக்கும் போட்டுடணும்" என்றார் மேடம்.

புதுக்குப்பி பதினோரு வாரம் கழித்து வந்தது. அதற்குள் ஒற்றைக் கன்ட்ரோல் பழகிவிட்டது. வேலை பாதியாகியிருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடைத்தது. நான் நினைவூட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

ரிசல்ட் அருமையாக வந்தது. ஆரோக்கியமானவர்களின் மேடு கோட்டுக்கு இடப்புறம் ஒடுங்கி நின்றது. நோயாளிகளின் மேடு வலப்புறம் தள்ளிப்போய் நின்றது. நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு இன்னும் தள்ளி. அம்மாவின் மேடு நன்றாக வலதில் இருந்தது. வீட்டில் அவளிடம், "யம்மா, உன் ரத்தத்துல தெளிவா தெரியுது" என்று சொன்னேன். அவள் எதையோ தேர்வில் ஜெயித்துவிட்டவள் போலச் சிரித்தாள். அதற்காக நான் பெருமைப்பட்டதை இப்போது எழுதும்போது சற்று விநோதமாக இருக்கிறது.

கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். முதல் பெயர் என்னுடையது. செய்முறைப் பகுதியை எழுதியது நான். "தகுந்த ஐசோடைப் கன்ட்ரோல்கள் பயன்படுத்தப்பட்டன" என்ற பொருளில் ஒரு வரி. எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும் வரிதான். நன்றிப் பகுதியில் டெக்னீசியன் அண்ணாவின் பெயரைச் சேர்த்தோம். அச்சில் அவர் பெயர் வருவது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கட்டுரை ஆய்விதழின் கையில் இருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

வடகிழக்குப் பருவமழை. இரண்டு நாளாக விடாமல் பெய்தது. கடலோரச் சாலையில் தண்ணீர் நின்றது. குப்பத்தில் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வர முடியாது என்று அண்ணா போனில் சொன்னார். அவர் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தார். முழங்கால்வரை நனைந்த பேன்டோடு இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். வெளிநோயாளிப் பிரிவும் காற்று வாங்கியது. என் அப்பா சிறுசேரியில் உள்ள ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். மழைக்காக எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டதால் வேன் சும்மா நின்றது. அதனால் அம்மாவை மட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளிகளிடம் மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும். அன்று அவளுடைய முறை.

ஆக, ஒரு நோயாளியின் ரத்தம் இருந்தது. கோடு கிழிக்க ஆரோக்கியமான ரத்தம் இல்லை. நானே கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் எனக்கு ஜலதோஷக் காய்ச்சல், அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கக்கூடாது என்று விதி. அண்ணா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். கன்ட்ரோலை அம்மாவின் ரத்தத்திலேயே போட்டுவிடலாம், எப்படியும் ஒரே இடத்தில்தானே உட்காரும் என்று நினைத்தேன்.

கன்ட்ரோல் குழாயை முதலில் ஓட்டினோம். மேடு இடதுபக்கம் வரவில்லை. வலதுபக்கம் போய் நின்றது. பிறகு தேடும் ஆன்டிபாடி கலந்த குழாயை ஓட்டினோம். அந்த மேடும் அதே இடத்தில், முந்தையதன் மேல் போர்வை போர்த்தியது மாதிரி வந்து உட்கார்ந்தது.

அண்ணா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இன்னாமா, ரெண்டு டியூப்லயும் ஒரே ஆன்டிபாடிய வுட்டுட்டியா?"

"இல்லண்ணா."

"அப்ப கன்ட்ரோலு இன்னாத்துக்கு இப்டி எரியுது? அதுல ஒண்ணும் தெரியக்கூடாதே."

குழாய்கள் மாறிவிட்டன என்று முதலில் நம்பினேன். மீதி இருந்த ரத்தத்தில் திரும்பச் செய்தேன். மூடியில் எழுதியதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு வாசித்தேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதே இரண்டு மேடுகள், ஒன்றின் மேல் ஒன்று.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. புரிவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, முதல் வருடப் பாடம்தான். ஆன்டிபாடி கவட்டைக்கோல் மாதிரி இருக்கும். மேலே உள்ள இரண்டு கைகள் தேடிப் பிடிக்கும். கீழே ஒரு வால். மோனோசைட்டின் மேல் எந்த ஆன்டிபாடியின் வாலையும் பிடித்து மாட்டிக்கொள்ளும் கொக்கிகள் உண்டு. அது அதன் இயல்பான வேலை. உடம்பில் அழற்சி இருக்கும்போது அந்தக் கொக்கிகள் கூடும். முடக்குவாதக்காரர்களுக்கு அழற்சி எப்போதும் இருக்கிறது. ஆகவே அவர்களின் மோனோசைட் நாங்கள் தேடிய புரதத்தைக் காட்டவில்லை. நாங்கள் ஊற்றிய எதையும் வாலைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆரோக்கியமானவர்களுக்குக் கிழித்த கோட்டை நோயாளிகளுக்கு வைத்ததால் அது கண்டுபிடிப்பு மாதிரி தெரிந்தது.

"டெலீட் பண்ணிடு" என்றார் அண்ணா. குரலில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. ஈரக் குடையை மூலையில் வை என்று சொல்வதைப் போலச் சொன்னார். "மழ நாள்ல கரன்ட்டு ஏறி எறங்கிகினு கீது. மிஷினு கோணலாத்தான் காட்டும். அடுத்த வாரம் நம்ம ஆளுங்கள இட்டாந்துடறேன். பழையபடி போட்டுக்கோ. எதுக்கு பேஜாரு?"

"மிஷின் கோணலா காட்டுதாண்ணா?"

அவர் நனைந்த பேன்டின் காலை மடித்துவிட்டுக்கொண்டார். காலையில் லேசரைச் சரிபார்த்தது அவர்தான்.

வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சிச்சா? இவ்ளோ நேரம் இன்னா பண்ண?" என்றாள். முடிந்தது என்றேன்.

நான் அந்தப் பதிவை அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்கிறோம் என்று. இரண்டு படங்களின் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பத்தியைச் சுருக்கச் சொல்லியிருந்தார்கள். கன்ட்ரோலைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேடம் ஆய்வகத்துக்கே வந்து எல்லோருக்கும் காபி வரவழைத்தார். என் தோளில் கைவைத்து, "உன்னோட கை சுத்தம்மா. அதான் இவ்ளோ அழகா வந்திருக்கு" என்றார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் இருட்டு அறைக்குள் போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் அம்மா விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியாமல், "உன் ரத்தத்துல இருக்குன்னு சொன்னேன் இல்ல, அது அங்க இல்லம்மா. தப்பாப் பாத்துட்டேன்" என்றேன்.

"அப்ப எனக்கு நோவு இல்லியா?"

"நோவு இருக்கு. நாங்க தேடனதுதான் இல்ல."

"நோவு கீதுன்னு எனக்கே தெரியுது. அத்தப் பாக்கறதுக்கா அம்மாம் பெரிய மிஷினு?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "உங்க மேடம் கோவிச்சிக்குவாங்களா?"

"தெரியல."

"இன்னும் சொல்லல நீ." அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு அடுப்பைப் பார்க்க எழுந்துபோனாள்.

அடுத்த வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. அண்ணா நான்கு பேரைக் கூட்டிவந்தார். நான் மூன்று நோயாளிகளுக்கும் கன்ட்ரோல் குழாய் போட்டேன். அண்ணாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தட்டில் குழாய்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக ஓட்டினார். இரண்டு பேருக்கு அம்மாவுக்கு வந்தது போலவே வந்தது. மூன்றாமவர் நோய் கட்டுக்குள் இருந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்கு லேசாகத்தான் நகர்ந்தது. குப்பத்திலிருந்து வந்த நால்வருக்கும் கன்ட்ரோல் இடதுபக்கம் அசையாமல் நின்றது. எல்லாம் அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியது.

"நான் ஊர்ல சொல்ட்டேன்மா" என்றார் அண்ணா, கடைசிக் குழாயை எடுத்து வைத்துவிட்டு. "பேரு வருதுன்னு. எல்லார்ட்டயும் சொல்ட்டேன்."

"சாரிண்ணா."

"நீ எதுக்கு சாரி சொல்ற? போ, போய்ச் சொல்லு. லேட்டு பண்ணா இன்னும் பேஜாரு."

வெள்ளிக்கிழமை காலை, மேடம் கோட்டை மாட்டுவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். நான்கு பேரின் படங்களையும் ஒளி ஊடுருவும் தாளில் எடுத்திருந்தேன். ஒன்றும் விளக்காமல் மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தார்.

"இது கன்ட்ரோலா?"

"ஆமா மேடம்."

"பேஷன்ட்லயா?"

"ஆமா."

"எத்தனை பேருக்குப் பார்த்த?"

"நாலு பேருக்கு. முதல் ஆளு போன வாரம்."

"போன வாரம்." தாள்களைக் கீழே வைத்தார். "திங்கட்கிழமை நான் காபி குடுத்தப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. சட்டென்று வயதானவர் போல் தெரிந்தார், அவ்வளவுதான். "இத்தனை வருஷமா இந்தக் கொக்கி விஷயத்தை நானே கிளாஸ் எடுக்கறேன்" என்றார், என்னைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்து. பிறகு, "ஒரு கன்ட்ரோல் போதும்னு சொன்னது நீதான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"சரின்னு சொன்னது நான். அதுவும் ஞாபகம் இருக்கு. போய் பிளாக் பண்ணிப் பாரு. பழைய பேஷன்ட்ஸ் எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிட முடியுமோ கூப்பிடு. பார்த்துட்டு முடிவு பண்ணலாம். பத்திரிகைக்கு நான் டைம் கேட்டுக்கறேன்."

பிளாக் செய்வது என்றால் கொக்கிகளை முதலிலேயே அடைத்துவிடுவது. சாயம் இல்லாத சாதாரண ஆன்டிபாடியை நிறைய ஊற்றி வைத்தால், கொக்கிகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நிறைந்துவிடும். பிறகு சாயம் ஏற்றிய ஆன்டிபாடியைக் கலந்தால், அதன் வாலைப் பிடிக்க இடம் இருக்காது. தேடும் புரதம் நிஜமாகவே அங்கே இருந்தால் மட்டும் கைகளால் பிடிக்கும். ஆரம்பத்திலேயே செய்திருக்கவேண்டிய வேலை. நாங்கள் தொடங்கிய செய்முறையில் அந்தப் படி இருக்கவில்லை. ஆரோக்கியமான ரத்தத்தில் செய்துபார்த்தபோது தேவை தெரியாததால் யாரும் சேர்க்கவில்லை.

ஏழு வாரம் அதைச் செய்தேன். நோயாளிகளைப் போனில் அழைத்தேன். சிலர் வந்தார்கள். சிலர், "போன வாட்டி எடுத்தது இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்தார்கள். குப்பத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு மீன்கார அம்மாவும் அதையே கேட்டாள். "போன தபா குட்த்த ரத்தம் தப்பா பூட்ச்சா?"

"ரத்தம்லாம் சரிதான் ஆயா. இவங்க அளந்ததுதான் தப்பு" என்றார் அண்ணா. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

ஒவ்வொரு குழாய் ஓடும்போதும் மேடு கொஞ்சமாவது வலதில் நிற்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்து பேருக்குப் பிறகு அந்த ஆசை போய்விட்டது. கொக்கிகளை அடைத்ததும் கன்ட்ரோலும் இடதுபக்கம் போனது, தேடும் ஆன்டிபாடியும் இடதுபக்கம் போனது. அம்மாவின் மேடும்தான். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

மேடம் கடைசிப் படங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார். என்னை உட்காரச் சொல்லி வாசித்துக் காட்டினார். நாலே வரி. "எங்கள் கன்ட்ரோல் போதுமானதாக இல்லை என்று நாங்களே கண்டறிந்தோம்" என்ற பொருளில் இருந்தது. மாணவி என்றோ உதவியாளர் என்றோ எங்கும் இல்லை. எல்லா இடத்திலும் "நாங்கள்" என்றே எழுதியிருந்தார். "ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. ஆனால் தினமும் பதினோரு மணிக்குத் தன் அறையில் காபி குடிக்கும்போது என்னையும் அழைப்பது அவர் வழக்கம். அந்த அழைப்பு நின்றது. வேலை விஷயமாகப் பேசுவார், கையெழுத்துப் போடுவார், பிப்பெட்டைச் சாய்த்தால் வந்து நேராக்குவார். பதினோரு மணிக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். தப்பு செய்ததற்காகவா, அதை ஒரு வாரம் மறைத்ததற்காகவா, கடைசிவரை மறைக்காமல் போனதற்காகவா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டதில்லை. எட்டு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள், புதிதாக வந்த ஒரு மாணவர் மூலம், "அவங்களையும் வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். போனேன். காபியில் வழக்கம்போலச் சர்க்கரை குறைவு.

ஆய்வேட்டின் தலைப்பை மாற்றவேண்டியிருந்தது. நாங்கள் தேடிய புரதத்தைப் பற்றிய இரண்டு அத்தியாயங்கள் போயின. அதற்குப் பதிலாக, முடக்குவாதக்காரர்களின் மோனோசைட்டில் கன்ட்ரோல் ஆன்டிபாடி எவ்வளவு ஒட்டுகிறது, நோய் ஏறி இறங்கும்போது அந்த ஒட்டுதல் எப்படி மாறுகிறது, எதை எவ்வளவு ஊற்றினால் அது அடங்குகிறது என்று அளந்தேன். ஒன்றரை வருடம் பிடித்தது. பேசிக் கைதட்டு வாங்கும் விஷயம் இல்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அப்படியென்றால் உங்கள் மூல ஊகம் தவறு" என்றார். "தவறா என்று தெரியாது சார். நாங்கள் பார்த்த வழியில் தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றேன். பின்வரிசையில் மேடம் தலையை அசைத்ததைப் பார்த்தேன். அது ஆமோதிப்பா, மின்விசிறிக் காற்றுக்குப் புடவைத் தலைப்பைச் சரிசெய்ததா என்று தெரியவில்லை. பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா ரிசார்ட் வேலையை விட்டுவிட்டாள். மாத்திரையை மாற்றியபிறகு நோவு குறைந்திருக்கிறது, விரல்கள் நேராகவில்லை. நான் இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ரத்தப் புற்று இருக்கிறதா என்று பார்க்க வரும் மாதிரிகளை அதே மாதிரியான இயந்திரத்தில் ஓட்டுகிறேன். கன்ட்ரோல் குழாய் போடாத மாதிரிக்கு நான் கையெழுத்திடுவதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எரிச்சல்படுகிறவர்களும் உண்டு.

அந்த ஆய்வேட்டிலிருந்து ஒரே ஒரு சிறிய கட்டுரை வந்தது, அதிகம் பேர் வாசிக்காத ஓர் இதழில். நன்றிப் பகுதியில் அண்ணாவின் பெயர் இருக்கிறது. பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னா, இத்துனூண்டு எய்த்துல போட்டுகிறாங்க" என்றார். கட்டுரை வெளிவந்து ஏழெட்டு மாதம் கழித்து, வடக்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு மாணவியின் மின்னஞ்சல் வந்தது. அவளுடைய நோயாளிகளின் ரத்தத்திலும் கன்ட்ரோல் ஒளிர்கிறதாம். பிளாக் செய்யும் கரைசலை எவ்வளவு ஊற்றினேன், எத்தனை நிமிடம் வைத்தேன் என்று கேட்டிருந்தாள். அளவையும் நேரத்தையும், கழுவாமல் அப்படியே அடுத்த ஆன்டிபாடியைச் சேர்க்கவேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினேன்.